செக்கு நாட்டு அம்மாவும் எங்கள் அதாவது சாரும்

திண்டுக்கல்லில் பூட்டுப் போடாத வீடுகூட ஒன்றிரண்டு இருந்திருக்கும். அதாவது சாரிடம் மாட்டிக்கொள்ளாத ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. தாசில்தாரிலிருந்து தண்ணி வண்டிக்காரர் வரை எல்லோரையும் நடுத்தெருவில் நிறுத்தி, அவர்கள் கேட்காத கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் அது பயன்பட்டது. மற்ற நாளெல்லாம் ஊருக்கு அவர் அதாவது சார்தான். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர். எந்தப் பேச்சையும் 'அதாவது' என்றுதான் ஆரம்பிப்பார். காலையில் அறைக் கதவைத் திறந்ததும் வாயிலிருந்து வருகிற முதல் சொல்லே அதுதான். அதற்கு முன்னால் என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று நமக்குத் தெரியாது. கனவில் யாரோ சிக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த ஊரில் ஒரு புகையிலை மண்டியில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். ரத வீதிப் பக்கம் ஒரு வெல்லக் கடை மாடியில் அறை. பக்கத்து அறை அவருடையது. நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு. அது பூனையைத் தடுக்கும், விளக்கத்தைத் தடுக்காது.

டீக்கடையில் உட்கார்ந்தால், டீயின் மேல் நுரை ஏன் நிற்கிறது என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் நுரையும் போயிருக்கும், சூடும் போயிருக்கும், பக்கத்தில் இருந்தவரும் போயிருப்பார். கடைசியில் டீ மாஸ்டர் ஒரு சட்டமே போட்டுவிட்டார். "அப்பு, ஒண்ணு குடிச்சுட்டுப் போயி பேசுங்க. இல்லன்னா பேசி முடிச்சுட்டு வந்து குடிங்க. ரெண்டையும் என் பெஞ்சுல வச்சுக்காதீங்க."

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் மனுஷனால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே குனிந்து, "அதாவது, உயிர் போன கொஞ்ச நேரத்துல தசையெல்லாம் தானா விறைச்சுக்கும். இதுல பயப்பட ஒண்ணுமில்ல" என்று தொடங்கினார். ஒப்பாரி நின்றது. செத்த நேரத்தில் அவர் வேகமாக வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பித்தளைச் செம்பும் வேகமாக வெளியே வந்தது.

வரைவதிலும் அதே குணம்தான். எங்கள் மண்டி முதலாளி, காலஞ்சென்ற தன் தகப்பனாரைப் படமாக வரைந்து தரச் சொன்னார். பழைய புகைப்படம் ஒன்றையும் கொடுத்தார். அதாவது சார் ஒரு மாதம் உழைத்தார். படம் அச்சு அசலாக இருந்தது, அதுதான் வம்பாகப் போய்விட்டது. முதலாளி கிட்டே போய்ப் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார். பிறகு கேட்டார்:

"காதுல மயிரு எதுக்கு சார்?"

"அதாவது, வயசான ஆம்பளைங்களுக்கு அங்க முளைக்கிறது இயற்கைங்க. போட்டோவுலயும் லேசாத் தெரியுது. நான் அதைக் கொஞ்சம் தெளிவு பண்ணியிருக்கேன்."

தகப்பனார் அன்றைக்கே ஒரு புகையிலைச் சிப்பத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து முதலாளிக்கு அதாவது சாரைக் கண்டால் ஆகாது.

ஊரிலேயே அவர் பேச்சை எழுந்து போகாமல் கேட்ட சபை ஒன்றே ஒன்றுதான். எங்கள் மண்டிக் குடோனில் புகையிலை நரம்பு கிழிக்கிற பெண்கள். மத்தியானப் பள்ளி இடைவேளையில் குடோன் வாசலில் வந்து நின்றுகொண்டு, இடி முதலில் வருமா மின்னல் முதலில் வருமா என்று ஆரம்பிப்பார். அவர்கள் கை பாட்டுக்கு இலையைக் கிழிக்கும், காது பாட்டுக்கு இவரைக் கேட்கும். எழுந்து போனால் கூலி போய்விடும் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் காளியம்மா என்று ஒரு அம்மாள் இருந்தாள், நாற்பது வயதிருக்கும், அவள் மட்டும் எதிர்க் கேள்வி கேட்பாள். "அப்ப மின்னலு தெரிஞ்ச பெறகு காதைப் பொத்திக்கிட்டா போதும்ல சார்?" என்பாள். அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. டில்லியில் இருக்கிற அத்தனை வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் இங்கிலீஷில் கார்டு எழுதிப் போடுவார். அவர்களும் சளைக்காமல் வழவழப்பான படப் பத்திரிகைகளை இலவசமாக அனுப்புவார்கள். தபால்காரர் மாடிப்படி ஏறும்போது பெருமூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எத்தனை தேசம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சில சமயம் அவர் அசந்த நேரத்தில் பழைய பத்திரிகைகள் பொட்டலம் மடிக்கக் கீழே வெல்லக் கடைக்கு இறங்கிவிடும். ஐரோப்பாவின் பனிமலை திண்டுக்கல்லில் பல பேருக்குப் பிசுபிசுப்போடுதான் அறிமுகமானது.

ஒவ்வொரு கார்டின் அடியிலும் ஒரே வேண்டுகோளை எழுதுவார். உங்கள் நாட்டார் கண்காட்சி ஏதாவது நடத்தினால் மெட்ராஸ், மதுரை என்று நின்றுவிடாதீர்கள், எங்கள் ஊரிலும் ஒரு பெரிய மலையும் அதன் அடியில் ஒரு பெரிய மைதானமும் சும்மாதான் கிடக்கின்றன என்று. நான் சிரிப்பேன். "அவங்க என்ன உங்க மலையைப் பாக்கவா வரப்போறாங்க?" என்பேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் பதில் வந்தே விட்டது. செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக்காரர்கள், நம் சர்க்காரோடு சேர்ந்து, விஞ்ஞானமும் கலையும் கலந்த கண்காட்சி ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்களாம். மதுரையில் முடித்துக்கொண்டு கோயமுத்தூர் போகிற வழியில் திண்டுக்கல்லில் தங்கச் சம்மதமாம். ஒரே நிபந்தனை, நம் பக்கத்து ஆட்களும் தங்கள் கலையையும் புதுக் கண்டுபிடிப்புகளையும் பக்கத்திலேயே வைத்துக் காட்ட வேண்டும். இரண்டு நாட்டுக் கண்காட்சி என்றால் இரண்டு நாடும் இருக்க வேண்டும் இல்லையா.

அதாவது சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. டீக்கடையில் போய் அறிவித்தார். அந்த நாட்டுப் பெயர் பாதிக்கு மேல் யார் வாயிலும் நுழையவில்லை. முன்பாதி மட்டும் நுழைந்தது. ஆக, மறுநாளே ஊர் முழுக்க, 'செக்கு நாட்டுக்காரன் வாரான்' என்று செய்தி பரவிவிட்டது.

எரியோட்டிலிருந்து எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிற ஒருவர் பஸ் ஏறி வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "மாடில்லாம சுத்துற செக்கு கொண்டாராகளாமே. எங்க மாடு படுத்துக்கிருச்சுங்க" என்றார். அதாவது சார் அவருக்கு அந்த நாட்டின் பூகோளம், சரித்திரம், அங்கே கண்ணாடி காய்ச்சுகிற விதம், நதிகளின் போக்கு எல்லாவற்றையும் விளக்கினார். எரியோட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அம்புட்டும் சரி. செக்கு எங்கன நிக்கும்னு சொன்னீகன்னா நான் பாத்துட்டுக் கெளம்பிருவேன்."

செய்தி பெரிதானதும் பெரிய மனிதர்கள் கைக்குக் காரியம் போய்ச் சேர்ந்தது. வரவேற்புக் கமிட்டி ஒன்று முளைத்தது. பந்தல் செலவை ஏற்றுக்கொண்டதால் எங்கள் முதலாளி அதற்குத் தலைவரானார். அதாவது சாருக்குக் கமிட்டியில் இடம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பாஸ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று முடிவு செய்தார்கள். வக்கீல்கள், டாக்டர்கள், ஆபீசர்கள், மண்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், அந்தப் பெண்களின் தூரத்துச் சொந்தம். பாஸ்களில் பெயர் எழுதியது நான்தான். கார்டு போட்டே அந்த நாட்டை வரவழைத்த ஆளின் பெயர் அதில் இல்லை.

அவர் மண்டிக்கு வந்தார். தனக்கு என்று கேட்கவில்லை. "அதாவது, நம்ம குடோன் பொம்பளைங்களுக்கும், தோல் பதனிடுற ஷாப்பு ஆளுங்களுக்கும், வேலை விட்டு வந்து பாக்குற மாதிரி ஒரு சாயங்காலம் ஒதுக்கணுங்க" என்றார்.

முதலாளி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சார், எல்லாம் கண்ணாடிச் சாமான். கூட்டம் ஏறுனா நொறுங்கிரும். ரெண்டு நாட்டு விவகாரம்."

"அதாவது, கண்ணாடி நொறுங்குறது கூட்டத்தால இல்லைங்க. அழுத்தத்தால. ஒரு சதுர அடிக்கு—"

"கணக்கப்பிள்ளை, சாருக்கு மோர் குடுத்து அனுப்புங்க."

மோர் வந்தது. சாயங்காலம் வரவில்லை.

படி இறங்கும்போது என் காதில் மட்டும் சொன்னார். "நான் காளியம்மாகிட்டச் சொல்லிட்டேனே. பகல்லயே நட்சத்திரம் காட்டுற மெஷின் வருது, உங்களுக்குத்தான் முதல்லன்னு. இப்ப என்ன சொல்லுவேன்?" அந்தப் பேச்சு 'அதாவது' இல்லாமல் ஆரம்பித்ததை நான் கவனித்தேன். உடம்பு சரியில்லையோ என்றுகூட நினைத்தேன்.

வண்டிகள் வந்தன. மைதானத்தில் ஒரு பக்கம் கறுப்புத் துணியில் பெரிய கூடாரம் எழும்பியது. அதற்குள்தான் நட்சத்திர மெஷின். துளை துளையாகப் போட்ட இரும்பு உருண்டை, உள்ளே விளக்கு. விளக்கைப் போட்டால் கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க வானம். பக்கத்துப் பந்தலில் கண்ணாடிச் சிற்பங்கள். கைப்பிடியைச் சுற்றினால் அவற்றின் நிறம் வெள்ளைத் திரையில் ஓடும், ஆடும், உருவம் மாறும். இவற்றையெல்லாம் செய்தவரே கூட வந்திருந்தார், மிலேனா என்று ஒரு அம்மாள். ஒளியைப் பற்றிப் படித்த விஞ்ஞானி, கண்ணாடியில் சிலை செய்கிறவர், ஆள் நல்ல உயரம், சோளக் கதிரின் நாரைப் போல முடி. நம் வெயிலில் இரண்டே நாளில் முகம் தக்காளியாகியிருந்தது. ஊர் உடனே அவருக்கு மீனா அம்மா என்று பெயர் வைத்து வேலையைச் சுலபமாக்கிக்கொண்டது. அவர் பேச்சைத் தமிழில் சொல்ல, அந்த நாட்டில் படித்துவிட்டு வந்த கும்பகோணத்துக்காரர் ஒருவரும் கூடவே வந்தார். ஒல்லியான, நாசூக்கான மனிதர்.

நம் நாட்டுப் பக்கத்தில் அதாவது சார் வரைந்த மலைக்கோட்டைப் படம் இருந்தது. பாறையை நெடுக வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்றும் வரைந்திருந்தார். உள்ளேயும் பாறைதான். அதற்கு அடுத்தாற்போல் தொப்பம்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயியின் கண்டுபிடிப்பு. கிணற்றில் தண்ணீர் குறைந்தால் தானாகவே மணி அடிக்கும். ஒரு மிதவை, ஒரு கயிறு, ஒரு கோயில் மணி. கிணற்றைக் கொண்டுவர முடியாததால் தகர டிரம்மில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். டிரம்மில் ஓட்டை. மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கமிட்டி ஆள் ஒருவர் போய் நிறுத்தச் சொன்னதற்கு அவர் பணிவாகப் பதில் சொன்னார்:

"ஏனுங்க, தண்ணி கொறையறதுனால அடிக்குதுங்க. அதுக்குத்தானுங்களே செஞ்சது. தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க, மணி நின்னுக்கும்."

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் முதலாளி வீட்டில் விருந்து. கும்பகோணத்துக்காரர் அந்த நாட்டில் இருந்தபோது எல்லாம் சாப்பிடப் பழகிவிட்டேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டார். ஆட்டுக்கறிக் குழம்பு, சுக்கா, ஈரல், தொட்டுக்கொள்ள இன்னும் நாலு வெஞ்சனம். அந்த நாட்டில் மிளகாய் கிடையாது என்பதை அவர் வயிறு மறந்திருக்கவில்லை. மறுநாள் விழா நேரத்தில் அவர் பயணியர் விடுதியில், எழுந்திருக்கவும் முடியாமல் படுத்திருக்கவும் முடியாமல் இருந்தார்.

மேடையில் முதலாளி மாலையோடு உட்கார்ந்திருந்தார். நாற்காலிகளில் பாஸ்காரர்கள். அதற்குப் பின்னால் தாம்புக்கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றது. மீனா அம்மா ஒரு தாளை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தைதான் வரும். தாளில் இருந்ததோ அவருடைய சொந்த பாஷை. மொழிபெயர்க்க ஆள் இல்லை. முதலாளி வக்கீலைப் பார்த்தார், வக்கீல் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் கூரையைப் பார்த்தார். அந்த அமைதியில் தொப்பம்பட்டி மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதாவது, எனக்கு அந்த பாஷை தெரியும்."

கயிற்றருகே நின்ற போலீஸ்காரர் அதாவது சாரிடம் முன்பே ஒருமுறை மாட்டியவர். தடுத்தால் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று கயிற்றைச் சட்டென்று தூக்கிவிட்டார்.

பத்திரிகைகளிலிருந்து அவர் அந்த பாஷையில் வணக்கமும் நன்றியும் கற்றிருந்தார் என்பது உண்மை. மேடை ஏறி வணக்கத்தைச் சொன்னார். மீனா அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தாளைப் பார்த்து மளமளவென்று பேச ஆரம்பித்தார். அதாவது சார் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ரசித்துக் கேட்டார். அவர் நிறுத்தியதும் இவர் மைக்கைப் பிடித்தார்.

முதலில் சுமாராகத்தான் போயிற்று. ஒளி, கண்ணாடி, நிறம் என்று பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டார். அந்த அம்மாள் அடுத்த பத்தியைப் படிக்கும்போது, நாற்காலிகளைத் தாண்டி நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ சொன்னார். அதாவது சாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அம்மா கேக்குறாங்க," என்றார் மைக்கில். "அதாவது, கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க யாருன்னு கேக்குறாங்க."

கூட்டத்தில் லேசாகச் சலசலப்பு.

"பாஸு கீஸு எல்லாம் தன்னோட நாட்டுல கிடையாதுங்கிறாங்க. அதனால நாளைக்குச் சாயங்காலம் பாஸ் இல்லாதவங்க அத்தனை பேருக்கும் கூடாரத்தைத் திறந்து விடப்போறாங்க." கைதட்டல் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது. "இன்னொண்ணும் சொல்றாங்க. அதாவது, இந்தக் கமிட்டித் தலைவர் தன்னோட குடோன் பொம்பளைங்களை நாளைக்கு நாலு மணிக்கே, கூலியைப் பிடிக்காம விட்டுடறதா அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்காராம். இப்பேர்ப்பட்ட மனுஷனை எங்க நாட்டுலயே பாத்ததில்லைன்னு சொல்றாங்க."

மைதானம் அதிர்ந்தது. விசில் பறந்தது. மீனா அம்மா, தன் பேச்சு இந்த ஊரில் இவ்வளவு எடுபடும் என்று எதிர்பாராதவராய்க் கண் கலங்கிக் கும்பிட்டார். அவர் கும்பிட்டதால் முதலாளியும் எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று. கும்பிட்ட கைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, பாஸ் எழுதினவன்.

மறுநாள் காலையில் கும்பகோணத்துக்காரர் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் திரும்பவும் படுக்கப் பார்த்தார். வண்டிகள் அன்றைக்கு மத்தியானமே கோயமுத்தூர் கிளம்ப வேண்டியவை. பயணியர் விடுதிக்கு அதாவது சாரை அழைத்துக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் கூட்டிக்கொண்டு போனேன்.

மீனா அம்மா சத்தம் போடவில்லை. மெதுவாகப் பேசினார். கும்பகோணத்துக்காரர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"நட்சத்திரத்துலேருந்து வெளிச்சம் எப்படிப் பயணம் பண்ணி நம்ம கண்ணுக்கு வர்றதுன்னு அம்மா சொல்லியிருக்கா. அதை எளிமையா எழுத அவாளுக்கு ரொம்ப நாள் ஆச்சாம். நேத்திக்கு அதுல ஒரு வரிகூட யாருக்கும் போய்ச் சேரலை. தன்னோட வாயில நீங்க உங்க வார்த்தையை வச்சுட்டேள்ங்கறா. ஊர் ஊராப் போறேன், எத்தனையோ சாமான் உடைஞ்சிருக்கு, இப்படி எதுவும் உடைஞ்சதில்லைங்கறா."

வாழ்நாள் முழுக்க யாராவது தான் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும் என்று ஏங்கிய மனிதர். அதே ஏக்கத்தோடு வந்த இன்னொருத்தியின் பேச்சை அவரே விழுங்கியிருக்கிறார். அது அவருக்கு உறைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. நின்ற இடத்தில் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"திட்டட்டும்," என்றார் கடைசியில். "தப்புதான். ஆனா அந்தப் பொம்பளைங்க வருவாங்க. குளிச்சுப் பூ வச்சுக்கிட்டு வருவாங்க. அதை மட்டும் அம்மாகிட்டச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க, நான் சொன்னா நம்பமாட்டாங்க."

அந்த நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது. சரி, இவர் கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். முதலாளி கையில் ஒரு மதுரைப் பத்திரிகையோடு இறங்கினார். அதில் அவர் படம் இருந்தது. தொழிலாளர்களின் உற்ற தோழர் என்று அடியில் போட்டிருந்தார்கள். அவர் ஆயுசில் அவரை யாரும் அப்படித் திட்டியதுகூடக் கிடையாது. காலையிலிருந்து போகிற இடமெல்லாம் ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்களாம். வீட்டில் சம்சாரம்கூட இன்னொரு தோசை போட்டாளாம்.

"கண்காட்சி நடந்தே தீரணும்," என்றார் கும்பகோணத்துக்காரரிடம். "நாலு மணிக்கு விடறதா நான்தான் சொன்னேன். எங்க சொன்னேன், எப்பச் சொன்னேன்கிறதெல்லாம் இப்ப எதுக்கு? அந்தம்மா போயிட்டாங்கன்னா என் பேரு என்னத்துக்கு ஆகும்?"

மீனா அம்மா இவரையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு கோயமுத்தூருக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். கும்பகோணத்துக்காரருக்குக் குரல் எழும்பவில்லை. ஆகவே அவர் தமிழில் மெல்லச் சொல்வார், அதாவது சார் அதை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது.

எனக்குத் தெரிந்து அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்க முடியாது.

நாலு மணிக்குக் குடோன் கதவு திறந்தது. ஐந்து மணிக்கு மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை வரிசை. அய்யலூர் சந்தைக்கு ஆடு ஓட்டிப்போகிற ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல் ஆடுகளோடு வரிசையில் நின்றுவிட்டார். எரியோட்டுச் செக்குக்காரரும் வந்திருந்தார், இன்னும் நம்பிக்கை இழக்காமல்.

கொள்கிற அளவுக்கு ஒவ்வொரு கூட்டமாகக் கூடாரத்துக்குள் விட்டார்கள். முதல் கூட்டம் குடோன் பெண்கள். நானும் வாசல் துணியைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் உள்ளே நின்றேன். விளக்கு அணைந்தது. மேலே வானம் வந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஒருத்தி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மீனா அம்மா ஒரு வாக்கியம் சொன்னார். கும்பகோணத்துக்காரர் மோர்ச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு முனகினார். அதாவது சார் உரக்கச் சொன்னார். அடுத்த வாக்கியம், முனகல், குரல். இருட்டிலும் அவர் படுகிற பாடு தெரிந்தது. ஒரு இடத்தில், "அதா—" என்று வந்துவிட்டது. மீனா அம்மா தொண்டையைக் கனைத்தார். அவர் மீதியை எச்சிலோடு விழுங்கினார். அப்படி நாலைந்து தரம் விழுங்கியிருப்பார்.

சொல்லி முடித்ததும் காளியம்மாவின் குரல் எழுந்தது. "சார், இதுல எங்க ஊருக்கு மேல இருக்கிறது எது?"

கேள்வி கை மாறிப் போய்ச் சேர்ந்தது. மீனா அம்மா சிரித்தார். உருண்டையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். வானம் முழுக்க நகர்ந்து ஒரு இடத்தில் நின்றது. அவர் சொன்னதைக் கும்பகோணத்துக்காரர் முனகினார். அதாவது சார் பேசவில்லை.

"சார், என்ன சொல்றாக?" என்றாள் காளியம்மா.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இதுதான் இப்ப நம்ம தலைக்கு மேல இருக்காம்," என்றார். அந்த வெங்கலக் குரல் எங்கேயோ போயிருந்தது. "இப்ப, இந்த வெயில்லயும். வெளிய போயி நிமிந்தா இதே இடத்துல இதேதான் இருக்காம். வெளிச்சத்துல நமக்குத் தெரியலையாம், அம்புட்டுதான்."

பிறகு காளியம்மா இருட்டில் மெதுவாகச் சொன்னாள். "இருக்கட்டும் சார். தெனமும் நாங்க வேலை விட்டு வீட்டுக்குப் போறப்ப அதுகளும் வந்துரும்."

அது மீனா அம்மாவுக்கு எப்படி மொழிபெயர்ந்து போனதோ தெரியாது. காளியம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். தக்காளி முகமும் புகையிலைக் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துத் தொப்பம்பட்டி மணி அடித்தது. கூடாரமே சிரித்துவிட்டது. அந்த மணியில்தான் மீனா அம்மாவுக்கு ரொம்ப ஆசை. கிளம்புகிற அன்றைக்கு அதைத் தன் கையால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். அதாவது சாருக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை அவர் விடாமல், உள்ளங்கை ஏன் வியர்க்கிறது என்று இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டார். வண்டிக்காரன் ஹாரன் அடித்துத்தான் அந்த நட்பை முடித்துவைத்தான்.

பாஸ் வாங்கியவர்களுக்குத்தான் மனம் ஆறவில்லை. தங்களுக்குக் கிடைத்ததே ஊருக்கும் கிடைத்துவிட்டால் பாஸுக்கு என்ன மரியாதை? ஒரு வாத்தியார் மேடையேறி ஆள்மாறாட்டம் செய்தார் என்று புகார் போயிற்று. முதலாளி தன்னால் ஆனமட்டும் அவருக்காகப் பேசினார், அதை நான் சொல்லத்தான் வேண்டும். நடக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவருக்குப் பழனி தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தது.

பஸ் ஏற்றிவிட நான் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, மிச்சமிருந்த தேசங்களைக் கட்டிய ஒரு மூட்டை. குடோன் பெண்கள் ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் ஜன்னலோர இடம் பிடித்துக்கொண்டு, பஸ் வளைவில் திரும்பும்போது நாம் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது, கை வளைந்து வளைந்து காட்டிக்கொண்டே இருந்தது. எஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எல்லாம் புரிகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, முடிந்த மட்டும் அந்த ஜன்னலோடேயே நடந்தேன்.